துரையின் சுருட்டு நமுத்த கதை

1. ஆணி

மலாயாவில் கலும்பாங் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் ஸ்டோர் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாகச் சேர்ந்த முதல் நாள், என் கையில் அவர்கள் கொடுத்தது பேனா இல்லை. நாலு அங்குல ஆணி ஒன்றும் சுத்தியல் ஒன்றும்.

அது அவசரகாலம். காட்டில் இருந்த கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்குத் தோட்டத்திலிருந்து சாப்பாடு போய்விடக் கூடாது என்று அரசாங்கம் கட்டுப்பாடு போட்டிருந்தது. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி முள்கம்பி, கேட்டில் சோதனை, அரிசிக்கு ரேஷன். டின்னில் அடைத்த சாமான் எதுவானாலும் ஸ்டோரை விட்டுப் போகும் முன் அதில் ஓட்டை போட வேண்டும். ஓட்டை விழுந்த சார்டின் சீக்கிரம் கெட்டுவிடும், யாரும் பதுக்க முடியாது. எங்கள் துரை, அதாவது வெள்ளைக்கார மேனேஜர், கையெழுத்துப் போட்ட ஆர்டர் ஸ்டோர் சுவரில் தொங்கியது. ‘எல்லா டின்களிலும் துளையிட வேண்டும்’ என்று அதில் இருந்தது.

எனக்கு இருபத்தொரு வயது. ஆறு மாதம் புரோபேஷன். அப்பா இறந்த பிறகு அம்மாவும் இரண்டு தங்கைகளும் கோலா குபு பாருவில் மாமா வீட்டுப் பின்கட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். வேலை உறுதியானால் குடும்பத்தோடு இருக்கப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைக்கும், அவர்களை அழைத்து வந்துவிடலாம். அதனால் ஆர்டர் என்றால் எனக்கு வேதவாக்கு. பால் டின், சார்டின் டின், பிஸ்கட் டின் என்று கண்ணில் பட்டதையெல்லாம் குத்தினேன். பால் சட்டையில் தெறித்து, சாயங்காலம் எறும்பு வரிசை என் கூடவே குவார்ட்டர்ஸ் வரை வரும்.

இரண்டாவது வாரம் துரை பங்களாவுக்கென்று கப்பல் பெட்டி ஒன்று வந்தது. துரை அப்போது ஆஸ்திரேலியாவில் லீவில் இருந்தார். திரும்ப இன்னும் ஆறு வாரம். பெட்டிக்குள் சாக்லேட் நிறத்தில் வட்டமாக ஒரு டின். ‘ஹவானா’ என்று எழுதியிருந்தது. ஹவானா என்பது பிஸ்கட்டில் ஒரு வகை என்று நினைத்தேன். சுத்தியலை ஓங்கி ஒரே போடு.

டின் ‘ஸ்ஸ்ஸ்’ என்று மூச்சை இழுத்தது. அதுவரை எந்த பிஸ்கட்டும் என்னிடம் அப்படி மூச்சு விட்டதில்லை. குனிந்து முகர்ந்தேன். புகையிலை!

2. நமுத்துப் போச்சு

பெரிய கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். அமைதியான மனிதர். டின்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் பார்த்தார்.

“என்ன தம்பி, துரையின்ட சுருட்டையே குத்திப் போட்டீர்?”

“ஆர்டர்ல எல்லா டின்னும்னு இருக்குங்க ஐயா.”

“இது துரையின்ட தமையன் வருசத்துக்கு ஒருக்கா அனுப்புற டின். துரை ரெண்டு கிழமைக்கு ஒண்டெண்டு எண்ணிப் பத்துற சாமான். உமக்கு முதல் இருந்த ஸ்டோர் கிராணி துரையின்ட விஸ்கியைத் தொட்டவன். அடுத்த ரயிலிலயே ஆளை அனுப்பிப் போட்டார். நான் ஒண்டும் காணேல்லை, தம்பி.” அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

டின்னை முழுக்கத் திறந்தேன். இருபத்தைந்து சுருட்டு. மேலே இருந்த ஒன்றில் என் ஆணி இறங்கியிருந்தது. மற்றதில் ஒன்றை எடுத்து அமுக்கினேன். மெத்தென்று உள்ளே போயிற்று. எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊர்ச் சுருட்டு விறைப்பாக இருக்கும். முறுக்கு, அப்பளம், வத்தல் எதுவானாலும் மெத்தென்று போனால் அதற்கு எங்கள் வீட்டில் ஒரே வார்த்தைதான்: நமுத்துப் போச்சு.

நான் போட்ட ஓட்டை வழியாக மழைக்காலத்து ஈரம் புகுந்து சுருட்டை நமுக்க வைத்துவிட்டது என்று நானே தீர்ப்பு எழுதினேன். டின்னைத் திறந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லையே, அதற்குள் எப்படி நமுக்கும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை.

ஆபீஸில் ‘ஹாட் கபர்ட்’ என்று ஓர் அலமாரி உண்டு. அடித்தட்டில் ராப்பகலாக ஒரு பல்பு எரியும். லெட்ஜர், வரைபடம், துரையின் கேமரா எல்லாம் பூசணம் பிடிக்காமல் அந்தச் சூட்டில் இருக்கும். சுருட்டை வரிசையாக அதில் அடுக்கிவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கினேன். பத்து நாள் தூங்கினேன்.

பதினோராம் நாள் ஆணி இறங்கிய சுருட்டை எடுத்தேன். ‘மொறுமொறு’ என்று சத்தம் கேட்டது. எனக்கு மகா சந்தோஷம். புதுசாகப் பொரித்த அப்பளம் கெட்டது போங்கள்! அந்தப் பெருமையோடு பெரிய கிராணியிடம் காட்டினேன். அவர் தொட்டதும் நுனியில் மேல் இலை நொறுங்கி மேசையில் உதிர்ந்தது.

“ஐயோ தம்பி! இது மெத்தெண்டு இருக்கவேணுமெல்லோ! ஈரம் இருந்தாத்தானே சுருட்டு!”

நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். நல்லாயிருந்த சாமானை நல்லாயிருக்கிறது என்று தெரியாமல் கெடுத்த ஒரே ஸ்டோர் கிராணி உலகத்தில் நானாகத்தான் இருப்பேன். துரை வர இன்னும் நாலரை வாரம்.

3. உருளைக்கிழங்கு

புகையிலைக்குப் பக்கத்தில் உருளைக்கிழங்குத் துண்டு வைத்தால் ஈரம் ஏறும் என்று எங்கோ கேட்ட ஞாபகம். மறுநாள் காலை ஒரு துண்டை வெட்டிக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். குவார்ட்டர்ஸ் கம்பிக்கு உள்ளே, ஸ்டோர் கம்பிக்கு வெளியே. இடையில் கேட். கேட்டில் உணவுச் சோதனை. இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அன்று காலை மட்டும் தெரியவில்லை.

மலாய்க்கார கான்ஸ்டபிள் என் பையிலிருந்து அந்தத் துண்டை இரண்டு விரலால் எடுத்துத் தூக்கிப் பிடித்தார். “இனி அபா?” என்ன இது என்று கேட்கிறார். பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு நின்ற நூறு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாடு கடத்தினால் ஜெயில்.

அடுத்த மேசையில் பெண்களைச் சோதனை போடுகிறவள் அருள்மேரி. என்னைவிட ஒரு வயது மூத்தவள். தோட்டத்து ஆண்கள் அவளிடம் கொஞ்சம் தள்ளியே நிற்பார்கள்.

“கிராணி ஐயா, இந்த ஒரு துண்டுக்குக் காட்டுல எத்தன பேரு பந்தி போட்டு உக்காந்திருக்காங்க?” என்று கேட்டாள். கூட்டம் கொல்லென்று சிரித்தது. கான்ஸ்டபிளுக்கு மலாயில் ஏதோ சொன்னாள், அவரும் சிரித்துத் துண்டைத் தூக்கி எறிந்தார். மானம் போனது, வேலை பிழைத்தது.

மத்தியானம் ஸ்டோர் வாசலில் வந்து நின்றாள். “இப்ப நெசத்தச் சொல்லுங்க. எதுக்கு அது?”

சொன்னேன். ஆணியிலிருந்து அப்பளம் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அரிசி மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நமுத்துப் போச்சுன்னு காய வச்சீங்களா? ஐயோ மாதாவே! எங்கண்ணி லயத்துக்கே சுருட்டு சுத்தி விக்கிறாங்க. நானும் சுத்துவேன். போயில பச்சப்புள்ள மாதிரி லா. உருளக்கெழங்கு வச்சா பூசணம்தான் பூக்கும். தண்ணி தெளிச்சா உள்ள ஊதி மேல் எல வெடிச்சிடும். ஈரம் கிட்ட இருக்கணும், மேல படக் கூடாது.”

“எத்தனை நாள் ஆகும்?”

“அது சொல்லாது. நீங்கதான் காத்திருக்கணும்.”

அவள் சொன்ன முறை இது. செங்கல் துண்டு ஒன்றைக் கொதித்து ஆறின தண்ணீரில் ஊறவைத்து, சொட்டாமல் துடைத்து, துணியில் சுற்ற வேண்டும். ஒரு பெரிய டின்னில் காய்ந்த வாழைப்பட்டையைப் பரப்பிச் சுருட்டை அடுக்க வேண்டும். செங்கல் ஒரு மூலையில், சுருட்டைத் தொடாமல். மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். காற்று புகக் கூடாது.

நல்ல டின் தேடினேன். ஸ்டோர், ஆபீஸ், லயம், பங்களா சமையல்கட்டு எல்லா இடமும் தேடினேன். ஓட்டையில்லாத டின் தோட்டத்திலேயே இல்லை. யார் காரணம்? நான்தான். மூன்றே வாரத்தில் பழசு புதுசு ஒன்று விடாமல் குத்தி முடித்திருந்தேன். கடைசியில் அருள்மேரி மாதா கோயிலில் எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளைக் கொண்டுவந்து ஒரு பிஸ்கட் டின்னின் ஓட்டையை உருக்கி அடைத்தாள். “குத்துறது ஆம்பளைக்கு வேல, அடைக்கிறது எனக்கு வேலையா?” என்று திட்டிக்கொண்டேதான் அடைத்தாள்.

4. காத்திருப்பும் ஒரு கண்டமும்

எனக்குக் கை சும்மா இராது. முதல் வாரம் ஒரு நாளைக்கு நாலு தடவை மூடியைத் திறந்து அமுக்கிப் பார்த்தேன். ஏறுகிற ஈரமெல்லாம் வெளியே போய்க்கொண்டிருந்தது. அருள்மேரிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது.

“அடை வச்ச முட்டைய தெனம் ஒடச்சா பாப்பாங்க? வாரத்துக்கு ரெண்டு தரம் திருப்பிப் போடுங்க. மத்த நேரம் உங்க ஆணிய எடுத்துக்கிட்டு வேற எங்கயாவது போங்க லா.”

போனேன். இரண்டாம் வாரம் சுருட்டு உதிர்வது நின்றது. மூன்றாம் வாரம் மொறுமொறுப்பு நின்றது. நாலாம் வாரம் ஒன்றை அமுக்கினால் மெத்தென்று போய் மெதுவாகத் திரும்பி வந்தது. அன்று ஸ்டோரைப் பூட்டிவிட்டு உள்ளே தனியாக ஓர் ஆட்டம் போட்டேன். ஜன்னலுக்கு வெளியே ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் நின்றது எனக்குத் தெரியாது.

ஆனால் கையில் நல்லாயிருந்தால் போதுமா? வாயில் எப்படி இருக்கிறது? ஆணி இறங்கிய அந்த ஒற்றைச் சுருட்டைத் துரைக்குக் கொடுக்க முடியாது. அதையே பத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஸ்டோருக்குப் பின்னால் நானும் அருள்மேரியும் உட்கார்ந்தோம். நான் அதுவரை பீடிகூடத் தொட்டதில்லை.

அவள் பற்றவைத்தாள். ஓட்டை வழியாகப் புகை போயிற்று. நாதஸ்வரக்காரர் மாதிரி ஓட்டையை விரலால் பொத்திக்கொண்டு இழுத்தாள். கண்ணை மூடி யோசித்தாள்.

“வாசம் நல்லாருக்கு. சீராத்தான் எரியுது. ஆனா காரமே இல்ல. வெள்ளக்காரன் இதுக்கா இவ்ளோ அலட்டுறான்?”

நான் வாங்கி, புகையை அப்படியே நெஞ்சுக்குள் இழுத்தேன். அப்புறம் ரப்பர் மரமெல்லாம் இடம் மாறி நின்றன. ஸ்டோர் கூரை மெதுவாகப் புறப்பட்டது. நான் தரையைப் பிடித்துக்கொண்டு, தெளிவான குரலில், “அருள்மேரி, கேட்ல நீங்க இருந்தா நான் தினமும் உருளைக்கிழங்கு கொண்டுவருவேன்” என்று சொன்னேனாம். சொன்னது எனக்கு ஞாபகமில்லை. அவளுக்கு ஞாபகம் இருந்தது.

5. துரை

துரை கவசம் போட்ட காரில் வந்து இறங்கினார். பங்களாவில் இருபத்தினாலு சுருட்டையும் பழைய ஹவானா டின்னிலேயே திரும்ப அடுக்கி வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் ஆள் வந்தது: “ஸ்டோர் கிராணிய கூப்பிடுறாரு.” பெரிய கிராணி எனக்குக் கைகொடுத்து அனுப்பினார். அந்தக் கைகொடுத்தலில் நம்பிக்கை ஒன்றும் இல்லை.

துரை தோட்டத்தில் தமிழ் கற்றவர். அதனால் அவர் தமிழில் ‘நீங்கள்’ கிடையாது.

“ஏய் கிராணி! இந்த டின் யார் ஓட்டை போட்டான்?”

“நான்தான் துரை.”

“ஏன் போட்டான்?”

“ஆர்டர் துரை. எல்லா டின்னும்னு எழுதியிருக்கு.”

“யார் எழுதினான்?”

“துரைதான், துரை.”

அவர் முகம் சிவந்தது. ஒரு சுருட்டை எடுத்துக் காதருகே வைத்து அமுக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார். என்னைப் பார்த்துச் சொன்னார்:

“நமுத்துப் போச்சு.”

முடிந்தது. அம்மாவும் தங்கைகளும் அந்தப் பின்கட்டிலேயே இருக்க வேண்டியதுதான். கலும்பாங்கில் அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று யோசிக்கத் தொடங்கினேன்.

“ரொம்ப நல்லா நமுத்துப் போச்சு!” என்றார் துரை. முகமெல்லாம் சிரிப்பு. “போன வருஷம் டின் திறந்து, நான் ஹாட் கபர்ட் உள்ளே வச்சான். எல்லாம் அப்பளம்! இது நமுத்து. ஏ-ஒன் நமுத்து! நீ என்ன செஞ்சான்?”

பிஸ்கட் நமுத்துவிட்டது என்று சமையல்காரர் தினமும் சொல்வதைக் கேட்டு, மெத்தென்றிருக்கும் எல்லாவற்றுக்கும் அந்த வார்த்தைதான் என்று பிடித்துவைத்திருக்கிறார் மனிதர். செங்கல், வாழைப்பட்டை, மெழுகுவத்தி எல்லாவற்றையும் சொன்னேன். அவரும் அந்தக் கபர்ட்டைத்தான் நம்பியிருக்கிறார் என்று கேட்டதில் எனக்குப் பாதி உயிர் வந்திருந்தது. அவர் எண்ணிப் பார்த்தார்.

“இருபத்தி நாலு. ஒண்ணு எங்கே?”

“டெஸ்ட் பண்ணோம் துரை. நானும் கேட்டுல சோதனை போடுற அருள்மேரியும்.”

“அது என்ன சொல்லுச்சு?”

“காரம் பத்தலைன்னு சொன்னாங்க துரை.”

துரை சிரித்ததில் பங்களா நாய் எழுந்து குரைத்தது. ஆறு மாதம் முடியும் முன்பே, மறுவாரம் என் வேலை உறுதியான கடிதம் வந்தது. ஸ்டோர் சுவரில் இருந்த ஆர்டரின் அடியில் துரை பேனாவால் ஒரு வரி சேர்த்தார்: ‘சுருட்டு டின் நீங்கலாக.’ அடுத்த மாதம் அம்மாவும் தங்கைகளும் லோரியில் வந்து இறங்கினார்கள். கேட்டில் அவர்கள் மூட்டையைச் சோதனை போட்டவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அம்மாவுக்கு அவளைப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

துரை வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு சுருட்டு கொடுப்பார். அப்படித்தான் இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது. இப்போது சுருட்டு சேர்க்கும் பிள்ளைகள் ஈரம் பார்க்க மீட்டர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். காய்ந்த சுருட்டைக் காப்பாற்ற வழி கேட்டு என்னிடம் வந்தால் நான் சொல்வது ஒன்றுதான். தெரியாத சாமானை உடனே சரிபண்ணக் கிளம்பாதே. மூடியை மூடு, தள்ளி நில். அவசரகாலத்தில் வேலை பார்த்து நான் கற்றுக்கொண்டது அவசரப்படாமல் இருப்பது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சமையல்கட்டிலிருந்து அருள்மேரியின் குரல் கேட்கிறது: “முறுக்கு டின்ன யாரு தொறந்து போட்டது? எல்லாம் நமுத்துப் போச்சு!”

ஏ-ஒன் நமுத்து என்று பதில் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அவள் இங்கேதான் வந்துகொண்டிருக்கிறாள்.