சம்மந்தம் போட்ட திருநீற்றுக் கோடு

சம்மந்தம் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே வரப்பு. அந்தப் பக்கம் அவர் கரும்பு, இந்தப் பக்கம் என் நெல். வருஷத்துக்கு ஒரு தடவை கயிறு பிடித்து, நான் வரப்பை நகர்த்திவிட்டேனா என்று பார்ப்பார். பதினெட்டு வருஷத்தில் அது ஒரு விரற்கடைகூட நகர்ந்ததில்லை. அதனாலேயே நான் ஏதோ பெரிதாகத் திட்டம் போடுகிறேன் என்று அவருக்கு ஒரு எண்ணம். "நல்லவன் மாதிரி இருக்கிறவனத்தான்டா கவனிக்கணும், பாக்யராஜ்" என்று என் முகத்துக்கு நேராகவே சொல்வார். நான் சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆளைத் தெரிந்த பிறகு கோபப்பட்டு என்ன ஆகப்போகிறது?

களத்தில் நெல்லைக் குவித்தால், லாரி வருகிற வரைக்கும் குவியலைச் சுற்றிச் சாம்பலால் கோடு போடுவது எங்கள் சுத்துக்கேணிப் பக்கத்துப் பழக்கம். ஒரு கை நெல்லை யாராவது அள்ளினாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அறுக்கிற மிஷினே நேராக வண்டியில் கொட்ட ஆரம்பித்ததும் நாங்கள் அதை விட்டுவிட்டோம். அண்ணன் விடவில்லை. நெல்லுக்கு மட்டும் என்றால் பரவாயில்லை. மோட்டார் கொட்டகைக் கதவு, உர மூட்டை, கல்யாணத்துக்குப் போனால் வீட்டுப் பீரோ என்று எல்லாவற்றுக்கும் கோடுதான். ஊரில் அதற்கு 'சம்மந்தம் கோடு' என்றே பெயர்.

கோடு போடுகிற கை மட்டும் அவருடையது இல்லை, மூத்த மகள் சரண்யாவுடையது. ஏழு வயதிலேயே கைப்பிடிக்குள் சாம்பலை வைத்து அவள் ஒழுகவிட்டால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அண்ணன் போட்டால் கோணும். இந்த உலகத்தில் அவர் சந்தேகப்படாத ஒரே ஆள் அவள்தான். பெண்டாட்டி ஆதிலட்சுமி அண்ணிக்குக்கூட அந்தப் பாக்கியம் கிடையாது.

அந்தச் சரண்யாவை இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூலக்குளத்துப் பையன் சுபாஷுக்குக் கொடுத்தார்கள். எஞ்சினியர் படிப்பு, திருவாண்டார்கோயில் பக்கம் ஒரு கம்பெனியில் நான்கு வருஷ வேலை, பிறகு சிங்கப்பூர். அங்கே ஏதோ பெரிய பொழுதுபோக்குப் பூங்கா. ராட்டினமும் ரயிலும் ஓட்டலும் எல்லாம் ஒரே வளாகத்தில் இருக்குமாம். அதில் பராமரிப்பு எஞ்சினியர் என்றார்கள். கல்யாணம் முடிந்த கையோடு சரண்யாவும் போய்விட்டாள்.

அதிலிருந்து அண்ணனுக்குத் தூக்கம் போயிற்று. பகலில் போன் செய்தால் "அவரு தூங்குறாருப்பா" என்பாள். பட்டப்பகலில் தூங்குகிறவன் என்ன எஞ்சினியர்? வேலை செய்கிற இடத்தின் போட்டோ ஒன்றுகூட வந்ததில்லை. வீட்டைக் காட்டு என்றால் வீடியோவில் சுவரும் ஜன்னலும்தான் தெரியும். அதற்குமேல் பக்கத்து ஊரில் வள்ளியம்மாள் மகள் கதை வேறு நடந்திருந்தது. வெளிநாட்டு மாப்பிள்ளை என்று கட்டிக்கொடுத்து, அங்கே போன பிறகுதான் அவனுக்கு ஏற்கனவே ஒரு குடும்பம் இருப்பது தெரிந்து, அந்தப் பெண் திரும்பி வர எட்டு மாதம் ஆயிற்று. பாஸ்போர்ட்டை அவன் ஒளித்து வைத்திருந்தானாம். அதைக் கேட்ட அன்றைக்கு அண்ணன் சாப்பிடவில்லை.

அப்போதுதான் சுபாஷ் கூப்பிட்டான். எல்லோரும் வாங்க, எங்கள் பூங்கா ஓட்டலிலேயே இரண்டு நாள் தங்கலாம், வேலை செய்கிறவர் குடும்பத்துக்குச் சலுகை உண்டு என்றான். அண்ணியும் சின்னப் பெண் கீர்த்தியும் அன்றைக்கே துணி எடுத்துவைக்க ஆரம்பித்துவிட்டார்கள். அண்ணன் என் கொல்லைக்கு வந்து நின்றார்.

"வூடு இருக்கும்போது ஓட்டல்ல ஏன்டா தங்க வெக்கறான்?"

"மரியாதைக்குத்தான் இருக்கும்ணா."

"மடியில கனமில்லன்னா வழியில இன்னாடா பயம்? வூட்டக் காட்ட வேண்டியதுதான?"

மறுநாள் என் வண்டியில்தான் வில்லியனூர் போனோம். டிக்கெட் போடுகிற கடையில் மூன்று பேருக்குப் போக வர டிக்கெட் கேட்டவர், கடைசியில் சட்டைப் பையிலிருந்து ஒரு நகலை எடுத்தார். சரண்யாவின் பாஸ்போர்ட் நகல். கல்யாணத்தைப் பதிவு செய்தபோது எடுத்து வைத்தது. "இந்தப் பேருக்கு வரதுக்கு மட்டும் ஒண்ணு. எங்க கூடவே, அதே ப்ளைட்ல" என்றார்.

"அண்ணா, அவள ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா புருஷன உட்டுக் குடுத்துப் பேசுவாளா? நானே பாத்துட்டு, தப்புன்னு தெரிஞ்சா கூட்டிக்கினு வந்துடுவேன். நீ வாயத் தொறக்காத."

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

போன கதையை அண்ணியும் கீர்த்தியும் அண்ணனும் ஆளுக்கு ஒரு பக்கமாகச் சொன்னதைச் சேர்த்துத்தான் சொல்கிறேன். விமான நிலையத்தில் சுபாஷும் சரண்யாவும் காத்திருந்தார்கள். சரண்யா இளைத்திருந்தாள். சுபாஷ் பெட்டியை வாங்கக் கை நீட்டினான், அண்ணன் தரவில்லை. ஓட்டலில் அடுத்தடுத்து இரண்டு அறை. கதவுக்குச் சாவி கிடையாது, ஒரு அட்டைதான். அறைகளை சுபாஷ் பேரில் எடுத்ததால் மாமனார் அறைக்கும் அவனிடம் ஒரு அட்டை இருந்தது. அண்ணன் அதைக் கவனித்துக்கொண்டார்.

சுபாஷ் தண்ணீர் வாங்கப் போன நேரம் பார்த்து, "பாஸ்போர்ட்ட குடுமா, எல்லாருதும் ஒண்ணா இருக்கட்டும்" என்று சரண்யாவிடம் கேட்டார். அவள் ஒரு கணம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, பூங்காவுக்குக் கிளம்புமுன் நான்கு பாஸ்போர்ட்டையும் அந்த டிக்கெட்டையும் பெட்டியில் வைத்து, நம்பர் பூட்டைத் திருகினார். அறை சுத்தம் செய்கிறவர்கள் உள்ளே வராதபடி கதவில் அட்டை மாட்டச் சொன்னார். அதுவும் போதவில்லை. திருநீற்றுப் பொட்டலத்தைப் பிரித்து, இரண்டு சொட்டுத் தண்ணீரில் குழைத்து, பெட்டி ஜிப்பின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.

"இன்னாங்க இது, இங்க வந்துமா?" என்றாள் அண்ணி.

"நீ நட."

பூங்காவில் அவர் எதையும் ரசித்த மாதிரி தெரியவில்லை. பொம்மை வேஷம் போட்டவன் கைகுலுக்க வந்தபோது சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இவருக்கு வெளிச்சமாக இருந்ததும் பேய்தான். தலைகீழாக ஓடுகிற ரயிலில் அண்ணியும் கீர்த்தியும் ஏறினார்கள். ஐம்பது வயதில் அண்ணி கூச்சல் போட்டதை முழுப் பூங்காவும் கேட்டிருக்கும். அண்ணன் கீழேயே நின்று, அந்தத் தண்டவாளத்தைத் தாங்கிய இரும்புத் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இருந்தது.

"இது இன்னா மாப்ள?"

"குறி, மாமா. நட்ட முறுக்கி முடிச்சதும் நட்டு மேலயும் பக்கத்து இரும்பு மேலயும் சேத்து ஒரே கோடா போட்டுருவோம். நட்டு துளி நகந்தாலும் கோடு உடைஞ்சி காட்டிக் குடுத்துரும். பூங்கா தொறக்கறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சி இதத்தான் பாப்பேன். அதுதான் எனக்கு வேல."

"ராத்திரி வேலையா?"

"ஆமா மாமா. அதனாலதான் பகல்ல தூங்கறது."

"அத ஒரு போட்டோ எடுத்து அனுப்பறதுக்கு இன்னா?"

"வேல நேரத்துல உள்ள போன் எடுத்துட்டுப் போக உட மாட்டாங்க."

அண்ணன் அடுத்த தூணுக்குப் போனார், அதற்கடுத்த தூணுக்குப் போனார். ஒரு கோடுகூடக் கோணலாக இல்லை. "அரை மணி நேரம் அவன முழுசா நம்புனன்டா" என்று பிறகு என்னிடம் சொன்னார்.

அரை மணி நேரம்தான். மாத்திரை போட்டீங்களா என்று அண்ணி கேட்க, அது அறையிலேயே இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. "நான் போய் எடுத்தாறேன்" என்று சரண்யா போய்விட்டு வந்தாள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் சுபாஷுக்குப் போன் வந்தது. செக்ஷனில் கூப்பிடுகிறார்கள் என்று எழுந்து போனவன் முக்கால் மணி நேரம் வரவில்லை. அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. கோடு போடத் தெரிந்தவனுக்கு அழிக்கத் தெரியாதா? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதென்று மிதிக்கவும் முடியவில்லை.

சாயங்காலம் அறைக்கு வந்ததும் நேராகப் பெட்டியிடம் போனார். கோடு உடைந்திருந்தது. உடைந்த திருநீறு ஜிப்பின் இரண்டு பக்கமும் உதிர்ந்து கிடந்தது. பூட்டு பூட்டியபடியே இருந்தது. திறந்து பார்த்தார். டிக்கெட் வைத்த இடத்திலேயே இருக்கிறது. பாஸ்போர்ட் மூன்றுதான் இருக்கிறது.

துணியையெல்லாம் கட்டிலில் கொட்டித் தேடினார் என்று கீர்த்தி சொன்னாள். வள்ளியம்மாள் மகளின் எட்டு மாதம் அவர் கண் முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

பக்கத்து அறைக் கதவைத் தட்டி, சுபாஷைக் கூப்பிட்டார். சரண்யாவும் பின்னால் வந்தாள்.

"மாப்ள, மரியாதையா கேக்கறேன். எம் பொண்ணு பாஸ்போர்ட்ட எங்க வெச்சிருக்கீங்க?"

"எனக்குத் தெரியாது மாமா. அவ கிட்டதான இருக்கும்."

"மத்தியானம் முக்கா மணி நேரம் எங்க போனீங்க? இந்த ரூமுக்கு அட்டை யாராண்ட இருக்குது? என்ன ஏமாத்தலாம்னு பாக்காதீங்க. எங்க கூடவே எம் பொண்ண கூட்டிக்கினு போயிடுவேன், டிக்கெட்டோடதான் வந்திருக்கேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்திருக்கும். சுபாஷ் அவர் கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்தான். அதில் இருந்த பெயரைப் பார்த்தான். கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட அண்ணனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவனோ சுவரோரம் நகர்ந்து நின்றான்.

"நாந்தாம்பா எடுத்தேன்" என்றாள் சரண்யா.

அண்ணன் திரும்பினார்.

"பூட்டு நம்பரு நம்ம கரும்புக் கொல்ல சர்வே நம்பரு. மோட்டார் கொட்டகைக்கும் அதான், பீரோவுக்கும் அதான். அவருக்கு எப்படித் தெரியும்? மாத்திரை எடுக்க வந்தப்ப தொறந்தேன். நேத்து நீ பாஸ்போர்ட் கேட்ட விதமே எனக்குச் சரியாப் படல."

"நீ எடுத்திருந்தா கோட்ட உடைச்சிட்டா போவ? உனக்குத் தெரியாதா?"

"திரும்பப் போடத் தெரியாமயா உட்டேன்? திருநீறு அங்கதான் இருந்தது. உன்ன விட நேரா போட்டிருப்பேன். ஊருக்குப் போற வரைக்கும் உனக்குத் தெரிஞ்சே இருக்காது. நீ பாக்கணும்னுதான் அப்படியே உட்டேன்."

சரண்யா அழுதுகொண்டேதான் சொன்னாள், ஆனால் நிறுத்தவில்லை. "வூட்டக் காட்டாதது அவரு இல்லப்பா, நான். ரெண்டு குடும்பத்துக்கு ஒரே சமையக்கட்டு, எங்களுக்கு ஒரு ரூமு. நீ பாத்தா மனசு ஒடஞ்சி என்ன கூட்டிக்கினு போயிடுவன்னு பயந்தேன். பயந்த மாதிரியே டிக்கெட்டோட வந்திருக்க. எல்லாரையும் சந்தேகப்படு, பரவால்ல. என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

அண்ணன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். சுபாஷ்தான் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தான். மாப்பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டாரா என்று அண்ணியிடம் கேட்டேன். "தண்ணிய வாங்கிக் குடிச்சாரு. அவருக்கு அதுவே பெருசு" என்றாள்.

மறுநாள் அந்த ஒற்றை அறையைப் போய்ப் பார்த்தார்கள். சரண்யா ரசம் வைத்தாள். அடுத்த குடும்பத்துப் பெண் அடுப்பைக் காலி செய்கிற வரைக்கும் அண்ணன் கட்டில் ஓரத்தில் பொறுமையாகக் காத்திருந்து, இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். கிளம்பும்போது கதவுத் தாழ்ப்பாளை மட்டும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாராம். அதை மாற்ற முடியாது.

திரும்பி வரும்போது விமானத்தில் அண்ணியும் கீர்த்தியும் முன் வரிசையில் உட்கார்ந்தார்கள். அண்ணன் பக்கத்தில் ஒரு சீட்டு காலியாக இருந்தது. கைக்குழந்தையோடு ஒரு தமிழ்ப் பெண் வந்து நின்று, "அய்யா, இங்க யாராச்சும் வராங்களா?" என்று கேட்டாள்.

"எம் பொண்ணு சீட்டுமா" என்றார்.

"அவங்க வரலையா?"

"இல்ல, நீ உக்காரு. அவ வூட்டுல இருக்கா."