மேல்வீட்டுச் சத்தம்

அந்த இசைக்குழுவில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. டிரம்ஸ் வாசிப்பவர் இடி. பாடுகிறவர் தொண்டை. வேன் ஓட்டுகிறவர் சாலையில் ஒரு பள்ளத்தையும் விட்டுவைக்காததால் குழி. சட்டைப் பையில் எப்போதும் ஒரு செட் உபரிக் கம்பி வைத்திருக்கும் கிட்டார்காரருக்குக் கம்பி என்ற பெயர் பதினான்கு வருஷத்துக்கு முன்னால் ஒட்டிக்கொண்டது. அப்புறம் உரித்தாலும் வரவில்லை. நாமும் அப்படியே கூப்பிடுவோம், கோபித்துக்கொள்ள மாட்டார்.

மாதத்தில் இருபது நாள் வேன்தான் அவருக்கு வீடு. கல்யாணம், கம்பெனி ஆண்டு விழா, கடைத் திறப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போய் வாசிப்பார்கள். கம்பி அதைப் பற்றி ஒரு நாளும் முணுமுணுத்ததில்லை.

போன மாதம்தான் அது நடந்தது. பத்து நாள் சுற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தவரை ஐந்து வயது மகள் வாசலிலேயே பார்த்தாள். உள்ளே ஓடினாள். விருந்தாளிகளுக்கென்றே எடுத்துவைத்திருந்த பூப்போட்ட கண்ணாடி டம்ளரில் தண்ணீர் ஊற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல் வந்து நீட்டினாள்.

"உட்காருங்கப்பா. தண்ணி குடிங்க. எப்போ கிளம்புவீங்க?"

மனைவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். கம்பியும் சிரித்தார். ஆனால் ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வாரமே நாலு பேரிடம் விசாரித்தார். போனில் குழந்தைகளுக்குக் கதை சொல்லும் கம்பெனி ஒன்று, கதைக்குப் பின்னால் கிட்டார் வாசிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தது. வீட்டிலேயே வாசித்து, பதிவு செய்து அனுப்பினால் போதும். வருஷம் முழுக்க வேலை உண்டு. அங்கே இசைக்குப் பொறுப்பான அம்மாள் மட்டும் கறார்.

"மூணு நிமிஷம் வாசிச்சு அனுப்புங்க. கிட்டார் மட்டும்தான் கேக்கணும், ஒரு ஈ பறக்கற சத்தம்கூட வரக் கூடாது. சனிக்கிழமை சாயந்திரம் ஆறு மணிக்குள்ள வரலன்னா வேற ஆளப் பாத்துக்குவோம்."

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வேன் வரும். இந்த முறை நாற்பது நாள் பயணம். சனிக்கிழமைக்குள் மூன்று நிமிஷம் சுத்தமாக அமைந்தால் மனுஷர் வீட்டோடு இருக்கலாம். இல்லையென்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

துணி அலமாரியும் இஸ்திரி மேஜையும் இருந்த சின்ன அறைதான் ஸ்டுடியோ ஆனது. மெத்தையைத் தூக்கிச் சுவரில் சாய்த்தார். ஜன்னலில் மூன்று போர்வைகள் தொங்கின. அலமாரிக் கதவைத் திறந்தே வைத்தார், தொங்குகிற துணி எதிரொலியைக் குடித்துவிடும் என்று குழுவின் சவுண்ட்காரர் சொல்லியிருந்தார். அவரே ஒரு பழைய மைக்கும் கொடுத்தார். அதை லேப்டாப்போடு இணைக்கிற சின்னப் பெட்டியை மனைவி வாங்கிக் கொடுத்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். "அறையா இது? அடகுக் கடை மாதிரி இருக்கு," என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனாள்.

செவ்வாய்க்கிழமை முதல் பதிவு. மின்விசிறியை அணைத்து, வேர்க்க விறுவிறுக்க வாசித்து முடித்து, ஹெட்போனில் போட்டுக் கேட்டார். கிட்டார் அவ்வளவு துல்லியமாக விழுந்திருந்தது, வாசித்தது தான்தானா என்று அவருக்கே சந்தேகம் வந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் கேட்டது. தட். தட். தட்.

ஃபிரிட்ஜாக இருக்கும் என்று அதை அணைத்துவிட்டு மறுபடி வாசித்தார். தட். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைப் பிடுங்கினார். தட். ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்துபோனதால் சாயந்திரம் சமையலறையில் வெள்ளம். மனைவி துணி எடுத்துத் துடைத்தாள்.

புதன்கிழமை கம்பி ஒரு விஞ்ஞானச் சோதனை செய்தார். அறையைக் காலியாக விட்டு, வெளியே நின்றபடி ஐந்து நிமிஷம் பதிவு செய்தார். சத்தமே இல்லை. உள்ளே போய் வாசித்தார். தட், தட். மனுஷ மூளை கோணலாகப் போக இது போதாதா? "நான் வாசிக்கும்போது மட்டும் மேல்வீட்டில் நடக்கிறார்கள். வேண்டுமென்றே செய்கிறார்கள்" என்று தீர்ப்பே எழுதிவிட்டார்.

மேல்வீட்டுக்கு மூன்று மாதம் முன்பு குடிவந்தவர் ஒரு நீச்சல் டீச்சர். கம்பி ஊரில் இருந்தால்தானே அக்கம்பக்கத்து முகம் தெரியும்? வியாழக்கிழமை துடைப்பக் கட்டையால் கூரையை இரண்டு இடி இடித்தார். மேலிருந்து பதிலுக்கு நீளமாக ஒரு விசில் வந்தது. வெள்ளிக்கிழமையும் அதே இடி, அதே விசில். இவர் மறுபடி வாசிக்க, மறுபடியும் தட், தட். எவ்வளவு திமிர் பாருங்கள்!

சனிக்கிழமை மத்தியானம் இருபத்தேழாவது பதிவும் வீணானது. கம்பிக்குத் தலைக்கு மேல் கோபம் வந்தது. இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறி மேல்வீட்டு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்தவர் சக்கர நாற்காலியில் இருந்தார். கழுத்தில் விசில். வலது காலில் தொடைவரை மாவுக்கட்டு.

"கீழேருந்து தொடப்பத்தால இடிக்கறது நீங்கதானா?" என்றார் நீச்சல் டீச்சர்.

"நீங்க நடக்கற சத்தத்துல எனக்கு..." என்று மனப்பாடம் செய்திருந்த வசனத்தைத் தொடங்கிய கம்பி, அந்தக் காலைப் பார்த்தார். மிச்ச வசனம் மறந்துபோனது.

"நான் நடந்து பதினெட்டு நாளாச்சு சார். நான் நடக்கறேன்னா வாங்க, ரெண்டு பேருமா போய் டாக்டர்கிட்ட சொல்லுவோம். ரொம்ப சந்தோஷப்படுவாரு."

"வீட்ல வேற யாராவது..."

"நானும் இந்த நாற்காலியும்தான்."

கம்பிக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தவர் கம்பெனி, ஆறு மணி, வேன், கடைசியில் பூப்போட்ட டம்ளர் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். டம்ளர் வந்தபோது டீச்சர் சிரிப்பதை நிறுத்திவிட்டார்.

"மணி இப்பவே ரெண்டரை. எல்லாத்தையும் மேல தூக்கிட்டு வாங்க சார். எனக்கு மேல மொட்டை மாடிதான். நடக்க ஆளே இல்ல."

தூக்கிக்கொண்டு வந்தார். டீச்சரின் அறையில் உட்கார்ந்து வாசித்தார். ஹெட்போனில் கேட்டார். தட். தட். தட். கம்பிக்கு அழுகையே வந்துவிட்டது. நிமிர்ந்தால், டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருக்கிறார்.

"இன்னொரு தடவ வாசிங்க சார். விசில் அடிச்சதும் அப்படியே அசையாம நிக்கணும்."

வாசித்தார். பத்தாவது விநாடி, காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு விசில்.

"இப்ப கீழ பாருங்க."

கம்பி குனிந்து பார்த்தார். அவருடைய வலது குதிகால் தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், அடுத்த இடிக்குத் தயாராக நின்றுகொண்டிருந்தது.

"காலு உதைக்கறதப் பாத்துத்தான் பன்னெண்டு வருஷமா சம்பளம் வாங்கறேன். அருமையான காலு சார் உங்களுது. ஒரு உதைகூட பிசகல."

மேடையில் இடியின் டிரம்ஸ் சத்தத்தில் இது எங்கே கேட்டது? ஹெட்போனை மாட்டிக்கொண்டு வாசிக்கும்போதும் காதில் கிட்டார் மட்டும்தான்.

அதற்குள் கடையிலிருந்து வந்த மனைவி, மகளையும் கூட்டிக்கொண்டு அவரைத் தேடி மேலே வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இதுவே தெரியாதா உங்களுக்கு? நம்ம கல்யாண ஃபோட்டோவுல எல்லாத்துலயும் உங்க வலது காலு மட்டும் மங்கலாத்தான இருக்கு!"

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்களுக்கு மூக்கு இருக்குன்னு யாராவது சொல்லிட்டு இருப்பாங்களா?"

காலைக் கட்டிப்போட்டு வாசித்துப் பார்த்தார். தாளம் தள்ளாடியது. சம்மணம் போட்டு வாசித்தார். சத்தம் வரவில்லை, பாட்டும் வரவில்லை. உப்புச் சப்பில்லாமல் ஏதோ ஒன்று வந்தது. மணி ஐந்தைத் தாண்டியபோது நீச்சல் டீச்சர் தன் மாவுக்கட்டுக் காலுக்கு அடியிலிருந்து தடிமனான பஞ்சுத் திண்டை உருவி எடுத்தார். காலைத் தூக்கி வைத்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"இது மேல தட்டுங்க. எவ்வளவு வேணா தட்டுங்க."

"அப்ப உங்க காலு?"

"என் மடியில வைங்க," என்று தரையில் உட்கார்ந்தாள் மனைவி. அதற்குள் மகள் கைக்குப் போயிருந்த விசிலை முதலில் பிடுங்கி வைத்தார்கள். மூன்று நிமிஷம் ஒருவரும் மூச்சுவிடவில்லை. மாவுக்கட்டு, பெண்டாட்டி மடியில். குதிகால், பஞ்சில். தட் என்று ஒன்றும் விழவில்லை. கிட்டார் மட்டும் கேட்டது.

ஐந்து நாற்பத்தெட்டுக்கு அனுப்பினார். ஏழு மணிக்குப் பதில் வந்தது. "சுத்தம். திங்கட்கிழமை முதல் கதை அனுப்புகிறோம்." மனைவியும் டீச்சரும் கைதட்டிய சத்தம் கீழ்வீடுவரை கேட்டிருக்கும், கீழ்வீட்டில் ஆளில்லாததால் பிழைத்தார்கள்.

அன்றைக்கே குழுவுக்குப் போன் செய்து சொல்லிவிட்டார். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை வேன் அவர் வாசலுக்கு வந்து நின்றது. அவருக்குப் பதிலாக வாசிக்க ஏற்பாடு செய்த ஆள் உள்ளே உட்கார்ந்திருந்தார். "கம்பியே கம்பி நீட்டிட்டாருடோய்!" என்று தொண்டை ஜன்னல் வழியே கத்தினார். எல்லோரும் சிரித்தார்கள், இடியைத் தவிர. இடி இறங்கி வந்து அவர் பக்கத்தில் நின்றார்.

"நீ இல்லாம நான் எப்படிடா அடிப்பேன்?"

"ஏன்டா, புது ஆளு நல்லாத்தான வாசிப்பாரு?"

"கையி வாசிக்கும்டா. காலு? பதினாலு வருஷமா உன் காலப் பாத்துத்தான அடிக்கறேன்."

கம்பி போனை எடுத்து, அதில் ஏற்றி வைத்திருந்த, வீணாய்ப்போன இருபத்தேழு பதிவுகளையும் இடிக்கு அனுப்பிவைத்தார். அந்த ஸ்டுடியோவுக்கு அதற்குள் இரண்டாவது வாடிக்கையாளர். இடி ஒன்றைப் போட்டுக் காதில் வைத்தார். தட், தட். முகம் மலர்ந்தது. கம்பியை ஒரு தரம் இறுக்கக் கட்டிக்கொண்டுவிட்டு வேனில் ஏறினார். குழி வண்டியைக் கிளப்பி, தெருமுனைப் பள்ளத்தில் சரியாக இறக்கி ஏற்றிக்கொண்டு போனார்.

மகள் ஜன்னலில் நின்று வேன் திரும்பி மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பி படியேறி வந்து நாற்காலியில் விழுந்தபோது, தரையில் குப்புறப் படுத்துப் படம் வரையத் தொடங்கியிருந்தாள்.

"தண்ணி கொண்டாடா கண்ணு," என்றார் கம்பி.

மகள் தலையைத் தூக்கவில்லை.

"அங்கதான இருக்கு, நீயே எடுத்துக்கோப்பா. எனக்கும் கொஞ்சம்."

கம்பி எழுந்து சமையலறைக்குப் போனார். பூப்போட்ட டம்ளரைத் தொடவில்லை. மூலையில் கிடந்த, விளிம்பு நசுங்கிய டம்ளரை எடுத்து நிரப்பினார். நின்றபடியே மடமடவென்று குடித்துவிட்டு, மகளுக்கும் பிடித்துக்கொண்டு போனார்.