பதிலுக்குத் தட்டிய தொட்டி

பிற்பகல் மூன்றே கால் மணிக்கு ஆரம்பித்தது. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நேரத்தில் சந்தேகமே இல்லை. நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும், சிரியுங்கள். பேய் என்று உளறிய பிள்ளைகளைப் பெஞ்சு மேல் நிற்க வைத்த வாத்தியார் நான். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், நல்ல வெயிலில் நடந்தது, என் இரண்டு காதாலும் கேட்டேன்.

மேட்டூர் அணையில் தண்ணீர் தேக்கிய புதிது. முங்கிப்போன வயலும் தொழுவமும் அழுகி, அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத நாற்றம். அதனால் அக்கரைக்கு ஆள் ஏற்றும் அங்கண்ணன், தன் மோட்டார் படகின் தளத்துக்கு அடியில் ஓர் இரும்புத் தொட்டி பொருத்தி, கிணற்றுத் தண்ணீரை நிரப்பிக்கொண்டு போவார். என் மகன் ராசு அந்தப் படகில்தான் வேலை செய்தான். பதினெட்டு வயது, எங்களுக்கு ஒரே பிள்ளை. எனக்கோ நீச்சல் தெரியாது, அவன் படகேறும் நாளெல்லாம் ஏதாவது சாக்கு வைத்துக் கரைக்குப் போய் நிற்பேன்.

அன்றைக்கும் அப்படித்தான் போயிருந்தேன். மறுநாள் ஆடிப் பதினெட்டு, கூட்டம் நெரியும். தொட்டியைக் கழுவ வேண்டியிருந்தது. அதன் வாய் குறுகல், ஒல்லியான ஆள்தான் நுழைய முடியும். "ஏனுங்க வாத்தியாரே, உங்கூட்டுல பையனுக்குச் சோறு போடறீங்களா, பாடம் மட்டுந்தானுங்களா? ஒட்டடைக் குச்சியாட்டம் இருக்கறான்!" என்று அங்கண்ணன் தன் தொந்தியைத் தட்டிக்கொண்டு சிரித்தார். "உங்க வயித்தை அறுத்தாத்தானுங்க உள்ள போக முடியும்," என்று ராசு இறங்கினான்.

தேங்காய் நாரும் புளியும் போட்டுத் துருவைத் தேய்த்து, சுண்ணாம்புத் தண்ணீர் விட்டு அலசி, மேலே வந்தான். அதற்குப் பிறகுதான் அங்கண்ணன் ஒரு சட்டி நிறையத் தணலில் சாம்பிராணி போட்டுத் தொட்டிக்குள் இறக்கி மூடினார். ஆடிப் பதினெட்டுக்குத் தண்ணீர் நிரப்பும் முன் புகை காட்டியே ஆகவேண்டும் என்பது அவர் வழக்கம். சட்டியை எடுத்த சூட்டோடு, மூலையில் தேங்கிய தண்ணீரைத் துடைக்க ராசு மறுபடி உள்ளே போனான்.

உள்ளே ஆள் இருக்கும்போது வெளியே ஒருவர் கட்டையால் இரண்டு தட்டு தட்ட வேண்டும், உள்ளே இருப்பவன் கொட்டாங்குச்சியால் இரண்டு தட்டு திருப்பித் தட்டுவான். பதில் வந்தால் ஆள் நலம். அங்கண்ணன் கிணற்றடிக்குப் போனதால் கட்டை என் கைக்கு வந்தது. டொக் டொக் என்றேன். டொக் டொக் என்று வந்தது. மறுபடி தட்டினேன், வந்தது. நிம்மதியாகக் கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடி கட்டையை ஓங்கினேன், இன்னும் அடிக்கவில்லை, அதற்குள் டொக் டொக்!

"டேய் ராசு, விளையாடாதே!"

பதில் பேச்சு இல்லை. ஆனால் தட்டல் மட்டும் வந்தது, அவசர அவசரமாக. தொட்டியின் வாயில் தலையை விட்டுப் பார்த்தேன். என் பிள்ளை ஒருக்களித்துக் கிடந்தான். கொட்டாங்குச்சி அவனுக்கு எட்டாத மூலையில் உருண்டு கிடந்தது.

நம்பினால் நம்புங்கள், நான் எப்படி உள்ளே போனேன் என்று இன்றைக்கும் தெரியாது, தோள் இரண்டும் தோலுரிந்தது பிறகுதான் தெரிந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு அவனை அக்குளில் ஒரு கைகொடுத்துத் தூக்குகிறேன், அவன் கை இரண்டும் துவண்டு என் முதுகில் தொங்குகின்றன, அப்போது என் காதருகிலேயே தகட்டில் டொக் டொக். மறு கையை அதில் ஊன்றியிருந்தேன், உள்ளங்கைக்கு அடியில் இரும்பு அதிர்ந்தது. தொட்டிக்குள் நாங்கள் இருவர்தான்!

"அங்கண்ணா! அங்கண்ணா!" என்று கத்தினேன். அவர் ஓடிவந்து ராசுவின் முடியையும் சட்டையையும் பிடித்து மேலே இழுத்தார், பிறகு என்னை. கரையில் கிடத்தி முகத்தில் தண்ணீர் அடித்தோம், நெஞ்சைத் தேய்த்தோம். "சாமி, கண்ணத் தொறடா சாமி," என்று அந்தப் பெரிய மனுஷர் அழுதார். ஒரு பெரிய இருமல் வந்தது, பிள்ளை மூச்சு விட்டான்.

தணல் உள்ளேயிருந்த நல்ல காற்றைத் தின்றுவிட்டது, அதனால் மயக்கம் என்று பிற்பாடு கம்பவுண்டர் சொன்னார். சரி, மயக்கத்துக்கு அது காரணம். தட்டலுக்கு? காலித் தொட்டி வெயிலில் சூடேறினால் அப்படித்தான் சத்தம் போடும் என்றார். அங்கண்ணனும் அதையே பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டிருப்பேன், அதற்குப் பிறகு நடந்தது மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

கரையில் ஆடு மேய்த்தவர் எங்கள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறார். பொழுது சாயும் நேரத்தில் என் மனைவி தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். ராசு என் மடியில் சாய்ந்து சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவள் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப்போய், பலகையில் ஏறி, படகுத் தளத்தில் மண்டியிட்டு, அங்கண்ணன் மூடி வைத்திருந்த தொட்டியின் மூடியை இழுக்க ஆரம்பித்தாள்.

"இந்தா, இங்கே இருக்கிறான் பார்!" என்று கத்தினேன்.

திரும்பினாள். மகனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மூடியிலிருந்து கையை மட்டும் எடுக்கவில்லை.

"ஏனுங்க, ராசு அங்க இருந்தா, இதுக்குள்ள அவன் குரல்லயே அம்மா அம்மான்னு கூப்படறது ஆருங்க?"