அண்ணன் பார்த்துக்கொண்ட சேமநிதி

மலேசியாவில், ஜொகூர் பாருவை அடுத்த மாசாயில் ஒரு கேட்டரிங் சமையல்கூடத்தில் வேன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பாசிர் கூடாங் தொழிற்சாலைகளுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோவது என் வேலை. முதலாளியை யாரும் முதலாளி என்று சொல்லக்கூடாது. அண்ணன் என்றுதான் கூப்பிட வேண்டும். வேலைக்குச் சேருகிறவருக்கு நியமனக் கடிதம் கிடையாது. தாம்பூலத் தட்டில் வேட்டியோ சேலையோ வைத்துக் கொடுப்பார். நாதஸ்வரம் மட்டும்தான் குறை. இப்படிச் சேர்ந்தவர் எந்த முகத்தோடு போய்ச் சம்பளச் சீட்டு கேட்பார்?

எங்கள் தலைமைச் சமையல்காரரான அக்கா ஒரே ஒருமுறை, ஒரு பொங்கல் சமயத்தில், ஓய்வுக்காலச் சேமநிதி பற்றிக் கேட்டார்.

"தங்கச்சி, உன் சம்பளத்துல ஒரு காசு வெட்டமாட்டேன். அதெல்லாம் அண்ணன் பாத்துக்குறேன்."

தான் கட்ட வேண்டிய பங்கையும் சேர்த்து அண்ணனே கட்டுகிறார் என்று அக்கா நெகிழ்ந்துபோனார். தொழிலாளியின் பங்கைச் சம்பளத்தில் பிடித்து, தன் பங்கையும் போட்டு, மறுமாதம் பதினைந்தாம் தேதிக்குள் முதலாளி கட்ட வேண்டும் என்பது சட்டம். அன்புக்கு அப்படிக் கெடுத் தேதி எதுவும் கிடையாது.

உண்மை தெரிந்தது ஒரு தீபாவளிக்கு அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை. அக்காவுக்கு முட்டி வலி அதிகம். அந்த நேரம் பார்த்து அடுக்குமாடி ஒன்றில் தரைத்தள வீடு விலைக்கு வந்தது. விற்பவர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். முன்பணத்தைச் சேமநிதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று அக்காவும் நானும் ஜொகூர் பாருவில் இருக்கும் சேமநிதி அலுவலகத்துக்குப் போனோம். கவுண்டரில் இருந்த மலாய்ப் பெண் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அக்கா முன்பு வேலை செய்த தொழிற்சாலை மாதம் தவறாமல் கட்டியிருந்தது. அங்கே யாரும் அவரைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. சமையல்கூடத்துக்கு வந்த பிறகு ஒன்றுமே இல்லை.

செய்தி கேட்டு அண்ணனின் மனம் மிகவும் புண்பட்டது. கட்டாமல் விட்டதற்காக அல்ல. நாங்கள் போய்ப் பார்த்துவிட்டதற்காக. வியாபாரம் மந்தம், அரிசி விலை ஏற்றம், போன வருஷம் அக்கா மகள் கல்யாணத்தில் மைக்கில் அறிவிக்கப்பட்ட தன் மொய் என்று வரிசையாக நினைவூட்டினார். கடைசியில், கண் கலங்க:

"தங்கச்சியா இருந்துகிட்டு கவர்மெண்ட் ஆபீஸ்ல போய் நிக்கலாமா?"

அக்கா கரண்டியைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பினார்.

"தங்கச்சின்னா சொத்துல பங்கு இருக்கும் அண்ணே. அது எனக்கு வேணாம். சேமநிதியை மட்டும் கட்டிடுங்க லா."

அண்ணனுக்குத் திடீரென்று ஒரு போன் வந்தது. வெளியே போனவர் அன்று திரும்பவில்லை.

அக்கா புகார் கொடுத்தார். அதிகாரிகள் வந்தார்கள். உரிய மாதத்தில் பிடிக்காத தொழிலாளி பங்கைப் பின்னால் சம்பளத்தில் பிடிக்க முடியாது என்பதால் இரண்டு பங்கும் அண்ணன் தலையில் விழுந்தது. எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் பாக்கியத்தைச் சட்டம் அவருக்கு வழங்கியது. தவணை கேட்டார், கிடைத்தது. தவணைகள் முடிவதற்குள் தரைத்தள வீடு வேறு ஒருவர் கைக்குப் போய்விட்டது.

பிறகு அக்காவுக்குக் கிடைத்தது அதே கட்டடத்தில் நான்காம் மாடி. லிஃப்ட் இல்லை. குடிபோன அன்று காஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு நான் ஏறியபோது, மூன்றாம் மாடிப் படியில் அவர் முட்டியைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தார். கையில் புதுச் சாவி. "நீ முன்னால போ தம்பி, வர்றேன்" என்றார்.