பதினேழாம் தேதிக்கு டிக் இல்லை

காலை ஒன்பது மணிக்கு மட்டும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. கேட்டாலும் பதில் வராது. மகள் கல்யாணத்தன்று சரியாக அந்த நேரத்தில் பெண்ணின் அம்மாவைக் காணோமென்று இரண்டு வீட்டாரும் தேடினார்கள். தேடவே வேண்டாம், எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்றார் கணவர். அவருக்குத் தெரிந்தபடியே, பம்பு நிலையத்துப் புல்தரையில் குனிந்து நின்றுகொண்டிருந்தாள்.

குடிநீர் பம்பு நிலையத்தில் அவளுக்கு எழுத்தர் வேலை. அது பத்து மணிக்குமேல்தான். அதற்கு முன்னால் ஒரு வேலை உண்டு. புல்தரையில் இடுப்புயரக் கம்பி வேலிக்குள் நாலு கால் வைத்த வெள்ளை மரப்பெட்டி ஒன்று நிற்கிறது. பக்கப் பலகைகளைச் சாய்வாக அடுக்கியிருப்பார்கள். காற்று உள்ளே போகும், வெயில் போகாது. அதற்குள் இரண்டு தெர்மாமீட்டர்கள் படுத்திருக்கும். ஒன்று, நேற்று ஒன்பது மணியிலிருந்து இன்று ஒன்பது மணிவரை எவ்வளவு சுட்டது என்று சொல்லும். மற்றது, எவ்வளவு குளிர்ந்தது என்று சொல்லும். இரண்டையும் பார்த்து, பதிவேட்டில் எழுதி, வானிலை அலுவலகத்துக்குப் போன் செய்ய வேண்டும். பத்து நிமிட வேலை.

இந்தப் பத்து நிமிட வேலை அவள் தலையில் விழுந்தது இருபத்து மூன்று வருடங்களுக்கு முன்னால். பழைய ஆள் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனதும், "யாராவது பாத்துக்கறீங்களா?" என்று அதிகாரி கேட்டார். எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். அவள் வேலைக்குச் சேர்ந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. கூரையைப் பார்க்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தரவில்லை. இரண்டு மாதத்துக்கு மட்டும் என்றார் அதிகாரி. அவர் ஓய்வு பெற்றே பத்து வருடமாகிறது.

அவளுக்குப் பாதரசம் என்று பேர் வைத்தவர் பம்பு ஆபரேட்டர். பாதரசமாவது ஏறும் இறங்கும், இந்த அம்மா ஒன்பது மணியை விட்டு ஒரு நிமிடம் நகராது என்பது அவர் ஆராய்ச்சி. கேட்டவர்கள் சிரித்தார்கள், பேர் ஒட்டிக்கொண்டது. ஒரு நாள்கூட இந்த வேலையைக் கணவரிடம் அவள் விட்டதில்லை. அவர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். தெர்மாமீட்டரை எடுத்து முதலில் வாயில் வைத்துப் பார்ப்பார் என்று அவளுக்குப் பயம்.

அந்தச் சூடு காட்டும் தெர்மாமீட்டரில் ஒரு சங்கதி இருக்கிறது. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரைப் போலத்தான் அதுவும்: ஏறினால் ஏறினபடியே நிற்கும், தானாக இறங்காது. பார்த்து எழுதியதும் கையில் எடுத்து நன்றாக உதற வேண்டும். உதறாமல் வைத்துவிட்டால், நேற்றைய சூட்டையே இன்றைக்கும் காட்டிக்கொண்டு கிடக்கும். வேலைக்கு வந்த இரண்டாவது வாரம், உதறினோமா இல்லையா என்ற சந்தேகம் அவளுக்குப் பாதிச் சமையலில் வந்து, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். உதறித்தான் இருந்தாள். ஆனாலும் அன்றிலிருந்து ஒரு பழக்கம். உதறிய கையோடு பதிவேட்டின் ஓரத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு டிக் போடுவாள். பதிவேட்டில் அதற்கு இடமில்லை, யாரும் போடச் சொல்லவும் இல்லை. இது அவளுக்கும் அவளுக்குமான ஏற்பாடு.

இவ்வளவு ஒழுங்காக இருந்து என்ன பிரயோசனம்? சாதனை எல்லாம் நாத்தனாருக்குத்தான்.

கணவரின் அக்கா அடுத்த ஊர்ப் பழத்தோட்டத்தில் மேற்பார்வையாளர். அங்கேயும் அதே வெள்ளைப் பெட்டி. இந்தப் பக்கத்திலேயே அதிகச் சூடு அந்தப் பெட்டியில். அதிகக் குளிரும் அந்தப் பெட்டியில்தான். ஒரே நாளில் ஏறி இறங்கியதில் பதினாலு வருடமாக முதலிடம், இருபத்தெட்டுப் புள்ளி நாலு டிகிரி, அதுவும் அங்கேதான். இரண்டாவது இடம் இவளுக்கு, ஒன்பது வருடத்துக்கு முந்தைய இருபத்தேழு புள்ளி ஒன்று. இரண்டாவது இடத்தை யார் கேட்கிறார்கள்? தினமும் ஒன்பது ஐந்துக்கு நாத்தனாரிடமிருந்து போன் வரும். "எங்க ஊர்ல இன்னிக்கு" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். டிக் கிக் எல்லாம் அவரிடம் கிடையாது. "எனக்கு எல்லாம் மனசுலயே நிக்கும்" என்பார். இந்த ஒரு விஷயத்திலாவது ஒரு நாள் நாத்தனாரின் வாயை அடைக்க வேண்டும் என்பதுதான் பாதரசத்தின் வாழ்நாள் ஆசை. வேறு பெரிய ஆசைகள் அவளுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அந்த வருடம் வசந்தத்துக்குப் புத்தி பிசகிவிட்டது. காலையில் கம்பளிச் சட்டை, மத்தியானம் மின்விசிறி. ஜனங்கள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது மூன்று காலத்துக்கும் துணி எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கணவரின் பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னலைத் திற என்றார்கள், பாதிப் பேர் மூடு என்றார்கள். அவர் இரண்டு பக்கத்துக்கும் தலையாட்டிவிட்டு ஹாரனை அடித்தார்.

பதினேழாம் தேதி, வியாழக்கிழமை. நாத்தனாருக்குப் பொறுமையில்லை. ஒன்பது ஐந்து வரை காத்திருக்காமல் ஒன்பதுக்கே போன் அடித்தார். பாதரசத்தின் கை பெட்டிக்குள் இருந்தது.

"நேத்து இங்க முப்பத்திரண்டு புள்ளி அஞ்சு! அங்க என்ன?"

"முப்பத்தொண்ணு புள்ளி எட்டு, அண்ணி."

"ஐயோ பாவம். சரி விடு, மனசுல வெச்சுக்காத."

பீற்றிக்கொண்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். பாவம் என்றதுதான் பற்றிக்கொண்டு வந்தது. எண்ணைக் கிறுக்கிவிட்டுப் பெட்டியைப் படாரென்று சாத்திக்கொண்டு போனாள்.

அன்றும் மத்தியானம் வரை வெயில் கொளுத்தியது. மூன்று மணிக்குக் காற்று திசை மாறியது. ஐந்து மணிக்கெல்லாம் தெருவில் போனவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓடினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் குழாயைத் திறந்தால் விரல் விறைத்தது. அவள் பெட்டியைத் திறந்தாள். குளிர், இரண்டு புள்ளி ஆறு. சூடு, முப்பத்தொன்று புள்ளி எட்டு. நேற்றும் இதே எண்தானே என்று மனதின் ஒரு மூலை முணுமுணுத்தது. அதைக் கேட்க அவளுக்கு நேரமில்லை, கழித்துக்கொண்டிருந்தாள். இருபத்தொன்பது புள்ளி இரண்டு. இன்னொரு தரம் கழித்தாள். அப்போதும் அதேதான்.

வானிலை அலுவலகத்துப் போன்காரரின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. இருபத்து மூன்று வருடமாக அவர் சொன்னதெல்லாம் "சரி, அடுத்தது" மட்டும்தான். அன்றைக்கு, "அடேங்கப்பா" என்றார். அதற்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று ஒன்பது ஐந்துக்குப் போன் போட்டது இவள். எண்ணைச் சொன்னாள்.

"நல்லா பாத்தியா?"

"ரெண்டு தரம் பாத்தேன் அண்ணி."

"முந்தின நாள் உதறினியா?"

"இருபத்து மூணு வருஷத்துல ஒரு நாளாவது உதறாம விட்டிருக்கேனா?"

"இல்லை, இல்லை. சும்மா கேட்டேன்" என்று நாத்தனார் போனை வைத்துவிட்டார். ஆக, வாய் அடைபட்டுவிட்டது! பாதரசத்தின் கால் அதற்குப் பிறகு தரையில் படவில்லை. பம்பு ஆபரேட்டர் இனிப்பு வாங்கி வந்தார். கணவர் நிறுத்தத்துக்கு நிறுத்தம் பஸ்ஸை நிறுத்தி, ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் சொன்னார். அன்றைக்கு எல்லா டிரிப்பும் தாமதம். பத்திரிகை நிருபர் போன் செய்து, நாலு மணிக்கு வருகிறேன், பதிவேட்டோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்.

படம் என்றதும் அவளுக்குப் பதிவேட்டைப் பற்றிய கவலை வந்தது. ஓரமெல்லாம் பென்சில் டிக். குழந்தை கிறுக்கினது போலப் பத்திரிகையில் விழுந்தால் நன்றாகவா இருக்கும்? மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றாம் தேதி டிக்கை அழித்தாள். இரண்டாம் தேதி. மூன்றாம் தேதி. ஊதி ஊதி அழித்துக்கொண்டே வந்தாள். பதினாறு அழிந்தது. பதினேழுக்கு வந்தபோது ரப்பருக்கு வேலையில்லை.

வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். தானே அழித்துவிட்டு மறந்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அழித்த இடங்களில் எல்லாம் பென்சில் அழுந்திய சின்னப் பள்ளம் இருந்தது. பதினேழில் காகிதம் வழுவழுவென்று இருந்தது. அப்போதுதான் அந்தப் போனும், ஐயோ பாவமும், படாரென்று சாத்திய கதவும் ஞாபகம் வந்தன. அவள் கழித்தது புதன்கிழமைச் சூட்டிலிருந்து. வியாழக்கிழமை எவ்வளவு சுட்டது என்பது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். வியாழக்கிழமையும் வெயில் கொளுத்தத்தானே செய்தது? முப்பத்தொன்று புள்ளி ஏழு இருந்திருக்கக் கூடாதா? அப்போதும் சாதனை சாதனைதானே? பதினெட்டின் டிக்கையும் அழித்துவிட்டால், அந்தப் பக்கத்தில் எது இல்லை என்று எந்த நிருபர் கண்டுபிடிக்கப் போகிறார்? வேண்டுமானால் பதினேழுக்கும் சேர்த்துப் புதிதாகப் போட்டுவிடலாம். பென்சில் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுத்தாள்.

ஒன்றாம் தேதிக்கு டிக் போட்டாள். இரண்டுக்குப் போட்டாள். பதினாறு வரை அதே பள்ளத்தில் அதே டிக்கை வைத்தாள். பதினேழைத் தொடவில்லை. பதினெட்டின் டிக் அழியாமல் அங்கேயே இருந்தது. இத்தனை வருடம் தன்னோடு தான் செய்துகொண்ட ஏற்பாடு. அதில் ஒரு பொய்யை வைத்துவிட்டால் மீதி டிக்குகளையும் நம்ப முடியாதே என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. பிறகு மூக்கைச் சிந்திக்கொண்டு போனை எடுத்தாள்.

"பதினேழாம் தேதி நான் உதறல சார். அதுக்கப்புறம் சொன்ன சூடு தப்பு."

போன்காரர் ஒரு மூச்சு விட்டார். "சரி, கோடு போட்டு அடிச்சுட்டேன். அடுத்தது?"

அடுத்தது ஒன்றும் இல்லை என்றாள். விஷயம் தெரிந்து நிருபர் வரவில்லை. கணவர் பாவம், காலையில் சொன்ன அத்தனை நிறுத்தத்திலும் சாயங்காலம் நிறுத்தி, இல்லையாம், இல்லையாம் என்று சொல்லிக்கொண்டு வந்தார். மறுபடியும் எல்லா டிரிப்பும் தாமதம். ஆபரேட்டர் மட்டும், இனிப்பைத் திருப்பித் தர வேண்டாம் என்று பெரிய மனது பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் நேரிலேயே வந்துவிட்டார். போனில் கேட்டால் போதாது, முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் போலிருக்கிறது என்று பாதரசம் பல்லைக் கடித்துக்கொண்டு பரிமாறினாள். நாத்தனார் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை சோறு கேட்கவில்லை. தம்பியிடம் எங்க ஊர்ல என்று ஒரு வாக்கியம்கூட ஆரம்பிக்கவில்லை. தட்டுக் கழுவும் இடத்தில் பக்கத்தில் வந்து நின்று, குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் கேட்டார்.

"அந்த ஆபீஸ்காரர் உன்னைத் திட்டினாரா?"

"இல்லையே."

"காரணம் கேட்டாரா?"

"கோடு போட்டு அடிச்சுட்டேன்னார். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" நாத்தனார் கழுவிய தட்டையே திரும்பவும் கழுவினார். "பதினாலு வருஷம்மா. அந்தச் சாதனைக்கு முந்தின நாள் எங்க வீட்டுக்கு விருந்தாளிங்க. அன்னிக்குக் காலையில ஓட்டமும் நடையுமா பாத்துட்டு வந்தேன். உதறினேனா இல்லையான்னு இந்த நிமிஷம் வரைக்கும் எனக்குத் தெரியல. மனசுல நிக்கும், மனசுல நிக்கும்னு ஊரெல்லாம் சொன்னேன். அது ஒண்ணுதான் நிக்கல."

இத்தனை வருடம் பாதரசம் காத்திருந்தது இந்த நிமிடத்துக்குத்தான். ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கணக்குத் தீர்ந்துவிடும். வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் ஈரக்கையோடு நிற்கிற அண்ணியைப் பார்த்தபோது, வெள்ளிக்கிழமை அரை மணி நேரம் தான் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் ஞாபகம் வந்தது. தனக்கு அரை மணி. இவருக்குப் பதினாலு வருடம். பாவம்தான், நிஜமாகவே பாவம்தான் என்று நினைத்தாள். நினைத்ததால் சொல்ல முடியவில்லை.

"ஞாயித்துக்கிழமையும் அவர் இருப்பார், அண்ணி" என்று கையைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து எண்ணை அழுத்திக் கொடுத்தாள். நாத்தனார் முப்பது வருடமாகத் தினமும் கூப்பிடுகிற எண்தான். அவர் விரல் அன்றைக்கு அதைக் கண்டுபிடிக்காது போலிருந்தது.

போன்காரர் என்ன சொன்னார் என்று கேட்க வேண்டியதே இல்லை. "சரி, அடுத்தது?" என்பது வெளியிலேயே கேட்டது. நாத்தனார் போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டார். பிறகு, ஒன்றுமே நடக்காதது போல நிமிர்ந்தார்.

"அப்போ முதலிடம் உன்னோட இருபத்தேழு புள்ளி ஒண்ணு. ரொம்ப ஆடாத. அதுக்கு முந்தின நாள் டிக் இருக்கான்னு பாத்தியா?"

பார்க்கவில்லை. இருவரும் கணவரைக்கூடக் கூப்பிடாமல் பம்பு நிலையத்துக்கு நடந்தார்கள். ஒன்பது வருடத்துக்கு முந்தைய பதிவேடு அலமாரியின் அடியில் இருந்தது. பாதரசம் தூசி தட்டிப் பக்கத்தைத் திருப்பினாள். நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூக்கு காகிதத்தில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இருக்கு" என்றார் ஒருவழியாக. "கோணலா இருக்கு. ஆனா இருக்கு."

போகும்போது மேசையிலிருந்த பென்சிலை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஒன்பது ஐந்துக்குப் போன் வந்தது. எங்க ஊர்ல என்று ஆரம்பிக்கப் போகிறார் என்று பாதரசம் காதைக் கொடுத்தாள்.

"உதறிட்டேன்" என்றார் நாத்தனார். "நீ?"