ஸ்டெனோ அக்கா இளைத்த குளிர்காலம்

அந்தத் தாள் இன்னும் என் கண்ணுக்குள் இருக்கிறது. அலுவலகத்தின் நல்ல வெள்ளைத் தாளில், இரட்டை இடைவெளி விட்டு, இரண்டு ஓரமும் பிசகாமல் தட்டச்சு செய்திருந்தது. மேலே ‘டயட் சார்ட்’ என்று தடித்த எழுத்து. விடிந்ததும் வெந்நீரில் எலுமிச்சை, எட்டு மணிக்கு முளைகட்டிய பயறு ஒரு கைப்பிடி, பதினொன்றுக்கு வெள்ளரிக்காய், மதியம் ஒரு ரொட்டியும் மோரும், மாலையில் பால் விடாத தேநீர், ஏழு மணிக்குள் சுரைக்காய் சூப். அத்துடன் சரி. அமைச்சகத்துக்குக் குறிப்பு அனுப்பும்போது என்ன கவனம் இருக்குமோ அதே கவனத்தோடு அடித்த தாள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் மாடியிலிருந்த பெண்கள் பெரும்பாலோரின் கைப்பையில் அதன் நகல் ஒன்று இருந்தது. என் பையிலும்தான்.

அதை அடித்துக் கொடுத்தவர் எங்கள் பிரிவின் சுருக்கெழுத்தாளர். பிரிவில் நாங்கள் இரண்டு பேர்தான் தமிழர்கள். நான் திருச்சி, அவர் திருநெல்வேலிப் பக்கம். மற்றவர்கள் முன்னால் ‘மேடம்’ என்பேன். தனியாக இருக்கும்போது ‘அக்கா’. வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது ‘ஸ்டெனோ அக்கா’. இருபது வயதில் தேர்வு எழுதித் தில்லிக்கு வந்தவர். அதிகாரி எவ்வளவு வேகமாகச் சொன்னாலும் ஒரு சொல் விடாமல் எடுப்பார். சுருக்கெழுத்தில் மெல்லிய கோடு ஓர் எழுத்து, அதே கோட்டை அழுத்திப் போட்டால் வேறோர் எழுத்து என்று ஒருமுறை எனக்குக் காட்டினார். அவருடைய நோட்டில் அந்த மென்மையும் அழுத்தமும் கோலம்போல் தெளிவாக இருக்கும்.

அவர் பருத்த உடம்புக்காரர். சின்ன வயதிலிருந்தே அப்படித்தானாம். லிஃப்டில் அவர் ஏறினால் யாராவது ஒருவர் வேண்டுமென்றே வெளியே இறங்கி நின்று சிரிப்பார். அவரும் கூடவே சிரித்துவிடுவார். ‘மோட்டி மேடம்’, அதாவது குண்டு மேடம், என்பது முதுகுக்குப் பின்னால் அவருக்கு வைத்திருந்த பெயர். யார் வைத்தார்களோ தெரியாது. நான் வைக்கவில்லை, ஆனால் சொல்லிச் சிரித்த கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன்.

அந்த வருடம் தீபாவளி விடுமுறை முடிந்து வந்தபோது அவருடைய முகத்தில் ஏதோ மாறியிருந்தது. தாடையின் எலும்பு தெரிந்தது. இரண்டு வாரத்தில் குர்த்தாவின் தோள் தொங்கத் தொடங்கியது. டிசம்பர் நடுவில் அவரைப் பின்னாலிருந்து பார்த்த டெஸ்பாட்ச் குமாஸ்தா புதிதாக மாற்றலாகி வந்தவர் என்று நினைத்து, எந்தப் பிரிவு என்று கேட்டுவிட்டார். மாடி முழுக்க அதே பேச்சு. “மேடம், ராஸ் க்யா ஹை?” என்று ரகசியத்தைக் கேட்டு அடுத்த பிரிவிலிருந்தெல்லாம் வந்தார்கள். இணைச் செயலாளரே குறிப்பு சொல்லிக்கொண்டிருந்ததை நிறுத்தி, பத்து வயது குறைந்துவிட்டீர்கள் என்றாராம். அதை என்னிடம் சொல்லும்போது அவருடைய முகம் சிவந்திருந்தது. சாம்பலும் பழுப்புமாகவே உடுத்திவந்தவர் மஞ்சளும் ரத்தச் சிவப்புமாக வரத் தொடங்கினார். ஜனவரிக் குளிரில் நாங்கள் இரண்டு ஸ்வெட்டரும் சால்வையுமாக ஹீட்டரைச் சுற்றி உட்கார்ந்திருப்போம். அவர் மெல்லிய குர்த்தாவோடு, ஜன்னலைக் கொஞ்சம் திறக்கட்டுமா என்று கேட்பார். உடம்பு லேசானால் குளிர்கூட உறைக்காது போலிருக்கிறது என்று நாங்கள் வியந்தோம். எல்லாரும் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அந்தத் தாள் வந்தது.

நான் அதை எடுத்துக்கொண்டது ஆரோக்கியத்துக்காக என்று சொன்னால் பொய். பொறாமைதான். எனக்கு நாற்பது முடிந்திருந்தது. இரண்டு பிள்ளை பெற்ற வயிறு. என்னைப் பார்த்து யாரும் குறிப்பை நிறுத்தியதில்லை. தாளில் இருந்தபடி ஒரு வரி மீறாமல் நடந்தேன். முதல் வாரம் இரண்டு கிலோ, நாலாவது வாரம் முடிவதற்குள் ஆறு. மயூர் விஹாரில் எங்கள் வீட்டுக் குளியலறையில் இருந்த எடை மெஷினில் நாளைக்கு மூன்று தடவை ஏறுவேன். முள் இடது பக்கம் நகர நகர எனக்குள் ஒரு போதை. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்த பழியைத் தில்லித் தண்ணீரின் மேல் போட்டேன். அந்த மாதம் தூரம் வராமல் போனதை வயதின் மேல் போட்டேன். பிள்ளைகளிடம் எரிந்து விழுந்ததை யார் மேல் போட்டேன் என்று நினைவில்லை. கணவர் ஒருநாள் தயங்கியபடி, “முகமே செத்துப்போய் இருக்கே, இது சரியா?” என்றார். “மெலிஞ்சா அப்படித்தான் இருக்கும்” என்று வாயை அடைத்தேன். மெலிவது என்றாலே நல்லது என்பதில் எனக்கு அப்போது சந்தேகமே இல்லை.

ஒரு காலையில் மெட்ரோ நிலையத்தின் படியில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கைப்பிடியைப் பிடித்தேன் என்று நினைத்தேன், பிடித்தது காற்றை. நாலு படி உருண்டதில் முழங்கையில் நல்ல அடி. பின்னால் வந்த ஒரு பெண்மணி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நேரே டிஸ்பென்சரிக்குப் போனேன்.

அங்கிருந்த பெண் டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும். முழங்கையைப் பார்த்துவிட்டு, கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று இந்தியில் கேட்டார். நான் பெருமையோடு தாளை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு மடித்தார். “ஒரு மாசத்துல ஆறு கிலோ. அதுல கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு, வெறும் தண்ணி எவ்வளவுன்னு உங்க மெஷின் சொல்லிச்சா?” என்றார். பிறகு வரிசையாகக் கேட்டார். மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, தூக்கம் வருகிறதா, முடி கொட்டுகிறதா, மாதவிலக்கு ஒழுங்கா, நின்றால் தலை சுற்றுகிறதா. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லச் சொல்ல, தேர்வில் எல்லாக் கேள்விக்கும் தப்பாக எழுதியவள்போல் என் குரல் தேய்ந்தது. வாரத்துக்கு அரைக் கிலோ, மிஞ்சினால் ஒரு கிலோ, அதுவும் வயிறு நிறையச் சாப்பிட்டுக்கொண்டே குறைய வேண்டும் என்றார்.

தோற்கப் பிடிக்காமல் நான் சொன்னேன்: “இதே தாள்தான், டாக்டர். எங்க ஆபீஸ் மேடம் இதுல பதினோரு கிலோ குறைச்சாங்க. அவங்களுக்குத் தலை சுத்தல், ஒண்ணும் இல்ல. சுறுசுறுப்புன்னா அப்படி ஒரு சுறுசுறுப்பு. இந்தக் குளிர்ல ஸ்வெட்டர்கூடப் போடறதில்ல.”

எழுதிக்கொண்டிருந்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “ஸ்வெட்டர் போடறதில்லையா? கை நடுங்குமா அவங்களுக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம் அக்கா தன் நோட்டை என்னிடம் காட்டி, “இது என்ன கோடுன்னு எனக்கே தெரியலட்டி” என்று சிரித்திருந்தார். கோடுகள் எல்லாம் ஒரே மாதிரி, புழு நெளிந்ததுபோல் இருந்தன. பட்டினி கிடக்கிற கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஒருநாள் கேன்டீனின் பின்பக்கம் அவர் நின்றபடியே பிரெட் பக்கோடா மூன்றை அவசர அவசரமாகத் தின்றதைப் பார்த்திருந்தேன். என்னைக் கண்டதும், இன்றைக்கு மட்டும் விலக்கு என்று கண்ணடித்தார். இவற்றைச் சொன்னேன். “அச்சா” என்றார் டாக்டர், இழுத்தாற்போல். “நாளைக்கே கூட்டிட்டு வாங்க. விரதம் இருக்கறவங்களுக்குக் குளிர் அதிகமாத்தான் தெரியும்.”

மறுநாள் மதியம் பழைய கோப்புகள் அடுக்கியிருக்கும் அறைக்கு அவரைக் கூப்பிட்டுப் போனேன். கோபமாகத்தான் போனேன், முழங்கையில் கட்டு வேறு. “உண்மையைச் சொல்லுங்க அக்கா. அந்தத் தாள்ல இருக்கறதைத்தான் சாப்பிடறீங்களா?”

அவர் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. அலமாரியில் சாய்ந்துகொண்டார்.

“நான் ஒண்ணையும் கொறைக்கலட்டி. முன்னவிட ரெண்டு பங்கு திங்கேன். காலையில எட்டு இட்லி. அப்பவும் பசிக்கி. அதுவா எறங்குது.”

“அப்ப அந்தத் தாள்?”

“எல்லாரும் கேட்டா என்ன சொல்ல? சும்மாவே எறங்குதுன்னா யாரு நம்புவா? ஒரு பத்திரிகையில பாத்தத, மனசுல தோணுனத, சேத்து அடிச்சேன். நீ இப்படி விழுந்து வாருவன்னு நான் கண்டேனா?”

“டாக்டர்கிட்ட போகணும்னு தோணவே இல்லையா?”

அவருடைய கழுத்தில் நரம்பு துடிப்பது வெளியிலேயே தெரிந்தது. “தோணுச்சி. ராத்திரி பூரா நெஞ்சு படபடன்னு அடிக்கி, உறக்கமே இல்ல. ஏதோ சீக்குன்னு தெரியும்ட்டி. ஆனா போனா நிப்பாட்டிருவாங்கல்லா.”

என் கோபம் அந்த ஒரு வார்த்தையில் கரைந்துபோயிற்று. உடம்பில் எதுவோ தன்னைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அது கொண்டுவந்ததை விட மனம் வரவில்லை. அறைக்குள் நுழைந்தால் திரும்பிப் பார்க்கிற கண்கள், லிஃப்டில் நகர்ந்து கொடுக்கப்படுகிற இடம், மஞ்சள் குர்த்தா. நாற்பத்தெட்டு வயதுவரை யாரும் கொடுக்காததை ஒரு நோய் கொடுத்தது. நாங்கள் ஒவ்வொருவரும் கைதட்டித் தட்டி அவரை டாக்டரிடமிருந்து இன்னும் ஓரடி தள்ளியே நிறுத்தியிருந்தோம்.

“நானும் வரேன் அக்கா” என்றேன். வந்தார்.

தைராய்டு. அளவுக்கு மீறிச் சுரந்து, தின்றதையெல்லாம் எரித்துக்கொண்டிருந்தது. இதயத்தின் துடிப்பு ஒழுங்கு தப்பத் தொடங்கிவிட்டது என்று ஈசிஜி எடுத்த பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நாலு நாள் அங்கேயே இருக்கவைத்தார்கள். இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்த டாக்டர் என்னிடம் சொன்னதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. மாத்திரை தொடங்கியது, மாதா மாதம் ரத்தப் பரிசோதனை. ஹோலி வருவதற்குள் நடுக்கம் நின்றது. நோட்டில் மெல்லிய கோடு மெல்லியதாகவும் அழுத்தக் கோடு அழுத்தமாகவும் விழுந்தன. உறக்கம் வந்தது. கூடவே எடையும் வந்தது. ஆகஸ்டில் பதினோரு கிலோவும் திரும்பியிருந்தன, மேலே ஒன்றிரண்டும்.

மெலிந்தபோது கேட்டவர்கள் இப்போதும் கேட்டார்கள். “அரே மேடம், கண்ட்ரோல் விட்டுட்டீங்களே.” “அவ்வளவு கஷ்டப்பட்டு எல்லாம் வீணாப்போச்சே.” நோய் என்று முதலில் சிலரிடம் சொன்னார். அவர்கள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டு, ஆனாலும் அப்போது எவ்வளவு அழகாக இருந்தீர்கள் என்றார்கள். பிறகு யாரிடமும் சொல்வதை விட்டுவிட்டார். சிரித்து வைத்தார். ஒரு தடவை என்னிடம் மட்டும், “சாகக் கெடந்தப்ப நல்லா இருக்கேன்னாங்க. பொழச்சு வந்தா வீணாப்போச்சுங்காங்க” என்றார்.

இப்போது எனக்கே ஓய்வுக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது. மெலிவது இன்று தில்லியில் இன்னும் சுலபமாகிவிட்டது; ஊசியே வந்துவிட்டது. பிரிவில் புதிதாகச் சேர்ந்த தமிழ்ப் பெண், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அதைப் போட்டுக்கொள்கிறாள். கண்ணெதிரே இளைக்கிறாள். ஒருநாள் பிடித்து உட்காரவைத்து அந்த டாக்டரின் கேள்விகளையெல்லாம் கேட்டேன். குற்றம் கண்டுபிடிக்கத்தான் கேட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். “ஆன்ட்டி, டென்ஷன் மத் லோ, கவலைப்படாதீங்க. எனக்கு ஷுகர் ஸ்டார்ட் ஆயிட்டு இருந்தது, அதுக்குத்தான் டாக்டர் குடுத்தாங்க. எவ்ரி மந்த் ப்ளட் டெஸ்ட். தால், முட்டை, பனீர் எல்லாம் சாப்பிடறேன். மாடிப்படி ஏறினா முன்னாடி மாதிரி மூச்சு வாங்கல. நைன்த் ஃப்ளோர் வரைக்கும் நடந்து ஏறிக் காட்டட்டுமா?” என்றாள். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ. சொன்னபடி எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது. குறைந்த எடையை மட்டும் பார்த்து ஒரு காலத்தில் கைதட்டினேன். இப்போது அதை மட்டும் பார்த்துப் பயப்படுகிறேன். இரண்டும் ஒரே அவசரம்தான். எவ்வளவு குறைந்தது என்பதல்ல, குறைகிறபோது அந்த ஆள் எப்படி இருக்கிறார் என்பதைக் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுப் பதிலையும் காதில் வாங்க வேண்டும்.

ஸ்டெனோ அக்கா ஓய்வுபெற்று எங்கள் குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை போயிருந்தேன். இந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டிருந்தவர், திடீரென்று சொன்னார்:

“நோவுதான், எனக்குத் தெரியும். ஆனா அந்த மூணு மாசத்த இப்பவும் நெனைப்பேன்ட்டி. உள்ள நுழைஞ்சா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. அதுக்கு முன்னயும் இல்ல, பின்னயும் இல்ல.”

உண்மை எதுவோ அதையே சொன்னேன்.

“நீங்க அதுக்கு முன்னாடியும் நல்லாத்தான் இருந்தீங்க அக்கா. குண்டா இருந்தப்பவும்.”

அவர் கீரையிலிருந்து கையை எடுத்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். கோபமில்லை; கண் மட்டும் கொஞ்சம் கலங்கியிருந்தது.

“அத அப்பவே சொல்லிருக்கலாம்லாட்டி” என்றார்.