பழவேற்காட்டில் விற்காமல் நின்ற டிவி பெட்டிகள்

இந்தச் சபையில் முன்னால் வந்து பேசுகிற ஆள் இல்லை நான். சாட்சி சொல்லுங்கள் என்று என் மனைவி எஸ்தர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். ஆண்டவர் எனக்குச் செய்ததை ஒளித்து வைப்பது சரியில்லை என்று இன்றைக்கு நிற்கிறேன். அழகாகச் சொல்ல வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழவேற்காடு கடைத்தெருவில் எனக்கு ரேடியோ கடை. எழுபதுகளில் டிரான்சிஸ்டர் நன்றாக ஓடியது. கடலுக்குப் போகிறவர்களுக்கு வானிலைச் செய்தி வேண்டுமே. எண்பது பிறந்த பிறகு டிவி மோகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் கடையில் ஓடுகிற சினிமாவைப் பார்க்கப் பக்கத்து மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்து ஜனம் வாசலில் குவியும். அந்த வருடம் இறாலும் நல்ல விலைக்குப் போனது. நான் குப்பத்தில் எத்தனை வீடு என்று எண்ணினேன். எண்ணிவிட்டு, சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் வீட்டுப் பத்திரத்தை அடகாகக் கொடுத்து, சின்னக் கறுப்பு வெள்ளைப் பெட்டிகளாகப் பன்னிரண்டு எடுத்து வந்தேன். எஸ்தர் வேண்டாம் என்றாள். நான்தான் பெரிய வியாபாரி ஆயிற்றே, கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் கோட்டைக்குப்பத்து நாட்டார், அதாவது ஊர்த் தலைவர், நாலு பேரோடு வந்தார். ஊர்ப் பணத்தில் ஒரு பெட்டி வாங்கினார். கோயில் முன்னால் வைத்து ஊரே உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியது.

"மத்த வூட்டுக்கெல்லாம் எப்போ வாங்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார். "ஊருக்கு ஒண்ணு வந்திடுச்சே. வூட்டுக்கு வூடு வச்சா, அப்புறம் எவன் எவன்கூட குந்துவான்?"

பழவேற்காடு ஏரியில் வலை போடுவதற்கே முறை வைத்துக்கொள்ளும் ஜனம் அது. இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள். இத்தனை வருடம் அவர்களிடமே வியாபாரம் செய்துவிட்டு நான் வீடுகளை எண்ணியிருக்கிறேன். எண்ண வேண்டியது ஊர்களை.

கடைத்தெருவில் இன்னொரு பெட்டி போனது. பத்து நின்றது. அதற்குள் கலர் டிவி வந்துவிட்டது. காசு உள்ளவர்கள் பொன்னேரிக்குப் பஸ் ஏறிப் போய்க் கலர் பெட்டி வாங்கினார்கள். உப்புக்காற்று என் பெட்டிகளின் திருகாணிகளைத் தின்ன ஆரம்பித்தது. வருடக் கடைசிக்குள் கணக்கை முடிக்காவிட்டால் வீடு தனக்கு என்று மொத்த வியாபாரி கடிதம் போட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு நான் பேசுவதை நிறுத்தினேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஐப்பசி மழை பிடிப்பதற்கு முந்தின வாரம் ஒரு நாள் காலையில் எஸ்தர் ஏதோ கேட்டாள், பதில் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான். தலையாட்டினேன். மறுநாளும் தலையாட்டினேன். கடையைத் திறப்பேன், பத்துப் பெட்டியையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைப்பேன், மூடுவேன். பக்கத்துக் கடை பாய் டீ வாங்கி வைத்துவிட்டு, "இன்னா அண்ணே, ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்பார். டீயைக் குடிப்பேன். சூடாக இருந்ததா என்றுகூடத் தெரியாது. ஆலயத்தில் பாட்டுக்கு எழுந்து நிற்பேன், உட்காருவேன். வீடு போகப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் பயம் வரவில்லை. யாருடைய வீடோ போவதுபோல இருந்தது.

ஜெபித்தேனா என்று கேட்டால், ஜெபித்தேன். "கர்த்தாவே, கடையைக் காப்பாற்றும்" என்று மனதுக்குள் தினமும் சொன்னேன். விலைப் பட்டியல் வாசிப்பதுபோலச் சொன்னேன். எஸ்தர் அடுப்படியில் முழங்காலில் நிற்பாள். அவளும் அதைத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

கார்த்திகையில் ஒரு நாள் மத்தியானம், மழை விட்டிருந்தது. எஸ்தர் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவுக் குப்பத்திலிருந்து மூன்று பேர் படகில் வந்து இறங்கி, நேரே கடைக்குள் வந்தார்கள். அந்தத் தீவுக்குக் கரண்டு கிடையாது. நான் அவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை.

மூத்தவர் சொன்னார்: "கோட்டைக்குப்பத்துல எங்க பொண்ணைக் குட்த்திருக்கோம். திருவிழால கரண்டு பூடுச்சாம். மீன் வண்டி டிரைவரு பேட்டரியைக் கழட்டி மாட்டிவுட்டானாம், படம் வந்துச்சாம். போன ஞாயித்துக்கிழமை அந்தப் பொட்டியவே படகுல ஏத்தி எங்களுக்குக் காட்ட எட்த்தாந்தாங்கோ. பாய்மரத்துல ஆன்டெனா கட்டிப் பாத்தோம். எங்க ஊருக்கும் ஒண்ணு வோணும். நெஜமா சொல்லு நைனா, பேட்டரில ஓடுமா?"

பெட்டியின் பின்பக்கம் பேட்டரிக்கு என்று ஒரு துளை இருக்கிறது. எனக்குத் தெரியும். கரண்டு இருக்கிற ஊருக்கு விற்கிறவனுக்கு அது எதற்கு என்று ஒருவருக்கும் சொன்னதில்லை.

"ஓடும்" என்றேன்.

குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "கார் பேட்டரியே போதும். சார்ஜ் எறங்கினா இங்க எட்த்துக்கினு வாங்க, நான் ஏத்தித் தர்றேன்" என்றேன். பின்னால் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. எஸ்தர் தரையில் உட்கார்ந்து, வந்தவர்கள் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், சத்தமாக அழுதாள்.

அவர்கள் பெட்டியோடு போன பிறகு கேட்டேன். "ஏன் எஸ்தர் அழுவுற? ஒண்ணு வித்துடுச்சே."

"வித்ததுக்கா அழுதேன்? மழை புடிக்கறதுக்கு முன்னாடி நீங்க கடைசியா பேசினது. கடை போனா போவட்டும், வூடு போனா போவட்டும், இந்த மனுசன் ஒரு வார்த்தை பேசணும்னுதான் ஆண்டவர்கிட்ட கேட்டுக்கினு இருந்தேன். கடையைப் பத்தி நான் ஒண்ணுமே கேக்கலீங்க."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. இருவரும் சாப்பாட்டை மறந்து உட்கார்ந்திருந்தோம்.

பிறகு ஏரிக்குள் இருக்கிற ஊர்கள் ஒவ்வொன்றாக வந்தன. ஊருக்கு ஒரு பெட்டி. எந்தப் பழக்கம் என்னைக் கவிழ்த்தது என்று கசந்துகொண்டேனோ, அந்தப் பழக்கமே என் பெட்டியைப் படகில் ஏற்றி எனக்காக ஊர் ஊராகக் காட்டியிருக்கிறது. எட்டு விற்றது. மீதி இரண்டும் துருப்பிடித்து வீணானது, அதையும் மறைக்கவில்லை. அந்தப் பணத்தில் கணக்கை முடித்தேன், வீட்டுப் பத்திரம் திரும்பி வந்தது. நான் பணக்காரன் ஆகிவிடவில்லை. படகில் வருகிற பேட்டரிகளுக்குச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்துப் பிழைக்கிறேன். வருகிற ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசுகிறேன். பாய் இப்போது, "போதும் அண்ணே, கொஞ்சம் வாயை மூடேன்" என்கிறார். ஆண்டவருக்கு நன்றி.

உங்களில் யாருக்காவது ஜெபிக்கவே வராமல் மனது மரத்துப் போயிருந்தால், வெட்கப்படாதீர்கள். பக்கத்தில் இருக்கிறவர்களை உங்களுக்காகக் கேட்கச் சொல்லுங்கள். அவர் கேட்கிறார், நான் பார்த்துவிட்டேன். உங்கள் வீட்டிலேயே ஒருவர் அப்படிப் பேசாமல் உட்கார்ந்திருந்தால், அவருடைய கடைக்காக அப்புறம் ஜெபிக்கலாம். முதலில் அவருக்காக ஜெபியுங்கள்.